'ரு'வைத் தின்ற விசைப்பலகை

சங்கிலி பத்திரிகைக் கட்டை மேசைமேல் எறிந்தார். சணல் அறுந்து, மஞ்சள் அட்டைகள் பாஜிலாவின் மடிவரை சிதறின.

"நாலாவது வரியப் படிம்மா. வாய்விட்டுப் படி."

அவள் மனதுக்குள் படித்தாள். சங்கிலியின் மகளுக்கு வரும் வெள்ளிக்கிழமை காதணி விழா. பொட்டிப்புரத்துக்குப் பக்கத்தில் குலதெய்வக் கோயில். காது குத்தியதும் கிடா விருந்து. அந்த விருந்தில் 'ரு' இல்லை. ஐந்நூறு அட்டையிலும் இல்லை.

அவளுக்குக் காது சுட்டது.

"நாப்பது வீட்டுக்குக் குடுத்துட்டேன். விழா கோயில்லயா, மாட்டாஸ்பத்திரியிலயான்னு என் மச்சினன் கேக்குறான். பெரியாளுகெல்லாம் வாயப் பொத்திக்கிட்டுச் சிரிக்கிறாக."

அச்சு இயந்திரத்தில் மை துடைத்துக்கொண்டிருந்த கர்ணன் ஓர் அட்டையை எடுத்துப் பார்த்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். தோள் குலுங்கியது.

அச்சக முதலாளி விஜயபாண்டி சிரிக்கவில்லை. "டைப் அடிக்கிற புள்ளதான்ணே. வயசுப்புள்ள, கவனம் எங்கன இருக்கோ. பாஜிலா, அண்ணன்கிட்ட மன்னிப்புக் கேளு. கேட்டாத்தான் நாளைக்கு இங்கன வேல."

முதலில் 'மதிய உணவு' என்றுதான் இருந்தது. சங்கிலி சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டார். மறுநாள் போனில் கிடா விருந்து என்று மாற்றச் சொன்னார். இன்னொரு புரூப் வேண்டாம், அடித்து நேரே அச்சுக்கு அனுப்பு என்றது விஜயபாண்டி. அதைக்கூட அவள் விட்டுவிடுவாள். ஆனால் அவள் விரல் 'ரு'வை அழுத்தியது. அது அவளுக்குத் தெரியும்.

தேவாரம் ஊரில் அந்த அச்சகத்துக்கு வந்த மூன்று வருடத்தில் அவள் சத்தமாகப் பேசியதில்லை. இப்போதும் குரல் தொண்டையைத் தாண்டுவதற்குள் பாதியாகிவிட்டது.

"என் கை இல்லண்ணே. கீபோர்டு."

"ஆடத் தெரியாதவ பேச்சு மாதிரில்ல இருக்கு?" என்றார் விஜயபாண்டி.

"நாலு மாசமா சொல்றேன். எழுத்தத் திங்குதுன்னு."

"எங்க, இப்ப அடி பாப்போம்."

அடித்தாள். பதற்றத்தில் ஒவ்வொரு விசையாக, மெதுவாக. விருந்து சரியாக வந்தது.

"பாத்தீகளாண்ணே? கீபோர்டு நல்லாத்தான் இருக்கு."

பாஜிலாவுக்குக் கண் கலங்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு, தினமும் அடிக்கும் வேகத்தில், ஒரு விரல் எழுவதற்குள் அடுத்ததைப் பதித்து, பத்து வரி அடித்தாள். நான்கு வரியில் 'ரு' இல்லை.

"படிங்கண்ணே."

விஜயபாண்டி திரையிலிருந்து கண்ணை எடுத்தார். "அசிங்கமா இருக்கு, அழி."

"கிடா விந்து," என்று அவளே படித்தாள். "கிடா விருந்து. கிடா விந்து. கிடா விந்து."

கர்ணன் துணியைக் கீழே போட்டான்.

அவள் பேப்பர் வெட்டும் இயந்திரத்துக்கு அடியில் கிடந்த பழைய விசைப்பலகையை இழுத்தாள். இரண்டு கையாலும்தான் தூக்க வேண்டும். உள்ளே இரும்புத் தகடு. மாட்டுவண்டி மாதிரி கடகடக்கிறது, போன் பேச முடியவில்லை என்று விஜயபாண்டி தூக்கிப் போட்டது. அதன் தடித்த பிளக் புதுக் கணினியில் சேராது. சேர்க்கும் குட்டி இணைப்பானைத் தன் கைக்காசில் தேனியில் வாங்கி வைத்திருந்தாள். மாட்டக் கூடாது என்று முதலாளி சொல்லியிருந்தார். கணினியை அணைத்து, மாட்டி, மறுபடி போட்டாள். அதே வேகத்தில் இருபது வரி. இருபதிலும் விருந்து.

"எப்புடிம்மா?" என்றார் சங்கிலி.

பழையதைக் கவிழ்த்து நான்கு திருகைக் கழற்றினாள். கர்ணன் டீயைக் கொட்டிய நாளில் ஏற்கனவே கழற்றியதுதான்.

"இதுல ஒவ்வொரு எழுத்துக்கும் தனி ஸ்பிரிங், தனி சுவிட்ச். பக்கத்துல கண்ணாடி மணி மாதிரி இருக்கு பாருங்க, டயோடு. கரண்ட ஒரு பக்கம்தான் விடும். எத்தன விசைய சேத்து அழுத்தினாலும் எது எதுன்னு இதுக்குத் தெரியும். புதுசுல ரெண்டு பிளாஸ்டிக் தாளு, ஒரு ரப்பர் பாய், அவ்வளவுதான். டயோடு கிடையாது. 'வி'க்கு 'வ' ஒரு விசை, மேல்கொக்கி ஒரு விசை. அந்த ரெண்டும் எழும்பறதுக்கு முன்னாடி மூணாவதா 'ரு' விசைய அழுத்துனா, கரண்டு சுத்தி வந்து குழப்பிரும். எதுக்கு வம்புன்னு மூணாவத விட்டுரும்."

"ஏலே பாண்டி, இந்தப் புள்ள நாலு மாசமா சொல்லுச்சா?"

"விடுங்கண்ணே. மெசின் கோளாறு. சாயங்காலத்துக்குள்ள புதுசா அடிச்சுத் தந்துர்றேன். பாஜிலா, உக்காரு."

பாஜிலா உட்கார்ந்தாள். கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"அடிம்மா."

"கவனமில்லாதவன்னு சொன்னீக. அத மாத்திச் சொல்லுங்க."

"இப்ப அதுக்கு நேரமா?"

"புரூப் எடுக்கவும் நேரமில்லன்னுதான் சொன்னீக."

கடையில் தமிழ் அடிக்கத் தெரிந்தது அவளுக்கு மட்டும்தான். விஜயபாண்டி அதை அப்போதுதான் நினைத்துப் பார்த்தார் போலும். சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"அந்தப் புள்ள சொல்லுச்சுண்ணே. நாந்தான் கேக்கல."

"எங்கிட்டச் சொன்னாப் போதுமா?" என்றார் சங்கிலி. "டைப் அடிச்ச பொண்ணு என்ன நெனப்புல இருந்தாளோன்னு நாப்பது வீட்டுலயும் பேச்சாயிருச்சு. எங்கூட வந்து வீடு வீடாச் சொல்லு. வண்டிய எடு."

விஜயபாண்டி கர்ணனைப் பார்த்தார். கர்ணன் மைத் துணியைப் பிழிந்துகொண்டிருந்தான். மோட்டார் சைக்கிள் சாவியை எடுத்துக்கொண்டு இறங்கினார்.

வண்டிச் சத்தம் தெருமுனை திரும்பியபின் பாஜிலா திருகுகளை முடுக்கி, அடிக்கத் தொடங்கினாள். அந்த விசைகளுக்கு அவ்வளவு அழுத்தம் தேவையில்லை. பாதி தூரம் இறங்கினாலே எழுத்து பதிந்துவிடும். அவள் ஒவ்வொன்றையும் தகடு வரை அழுத்தி, கடை முழுக்கக் கடகடக்க அடித்தாள்.