சுற்றை உடைத்தவள்

தீப்பெட்டிப் படம் சேர்ப்பவர்களில் இரண்டு பேர் நேருக்கு நேர் மாற்றிக்கொள்வது அபூர்வம். என்னிடம் இருப்பது டிரைவருக்கு வேண்டும். அவரிடம் இருப்பது நர்ஸுக்கு. நர்ஸிடம் இருப்பது நாலாவது ஆளுக்கு. எனக்கு வேண்டியதோ அந்த நாலாவது ஆளிடம் இருக்கும். இதற்குத்தான் சுற்று என்று பெயர். படம் வைத்த எல்லா உறைகளும் கடிகாரக் கடைக்காரரிடம் வந்து சேர்ந்த பிறகே அவர் பிரித்துக் கொடுப்பார்.

இந்தமுறை நாலாவது ஆள் யாரென்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. படம் கிடைத்தால் போதாதா?

சனிக்கிழமை அவருடைய மேஜையில், கழற்றிப் போட்ட கடிகாரங்களுக்கு நடுவே நாலு உறையும் கிடந்தன. டிரைவரும் நர்ஸும் முன்பே வந்திருந்தார்கள். எனக்கு வந்த உறையைப் பிரித்தேன். சிவப்பு விளக்குப் படம். ஒன்பது வருஷமாகத் தேடிக்கொண்டிருந்தது. ஆசையாகத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் பென்சிலில் 37 என்று அப்பாவின் கையெழுத்து. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“நாலாவது ஆள் எங்க அக்காவா?”

கடைக்காரர் கண்ணில் மாட்டியிருந்த லென்ஸைக் கழற்றினார். “படம்தானேம்மா வேணும்? யார் குடுத்தா என்ன?”

என்னவா? அப்பா போன மறுவாரம் அவருடைய ஆல்பத்தைப் பக்கம் பக்கமாகப் பிரித்து ஆளுக்குப் பாதி எடுத்துக்கொண்டோம். அப்போது சித்தப்பா, அத்தை எல்லோர் முன்னாலும் அக்கா சொன்னாள்: “அவர் படுக்கையில கிடந்தப்ப எட்டிப் பார்க்காதவ, படத்துக்கு மட்டும் ஓடி வந்துட்டா.” எனக்கு லீவு கிடைக்கவில்லை என்பது அவளுக்குத் தெரியும். தெரிந்தேதான் சொன்னாள். அன்றோடு பேச்சு நின்றது. ஒரே ஊரில், இரண்டு பஸ் நிறுத்தம் தள்ளி, ஒன்பது வருஷம்.

“எனக்கு வேண்டாம்” என்றேன்.

ஒருவர் வேண்டாமென்றால் சுற்று அவ்வளவுதான். அவரவர் தங்கள் படத்தோடு வீட்டுக்குப் போக வேண்டும். டிரைவரின் முகம் சுருங்கிவிட்டது. “அக்கா தங்கச்சி சண்டையில என் யானைப் படம் போச்சே” என்றார். நர்ஸ் பையை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். எனக்கு அவமானமாக இருந்தது. ஆனாலும் வாயிலிருந்து விழுந்ததைத் திரும்ப அள்ளுகிற பழக்கம் எனக்கு இல்லை.

கடைக்காரர் நான் பிரித்த அக்காவின் உறையை என் பக்கம் தள்ளினார். “சுத்தை உடைச்சவங்கதான் கொண்டுபோய்க் குடுக்கணும். தபால்ல போடக் கூடாது, ஆள் விட்டு அனுப்பக் கூடாது. முகத்தப் பார்த்து வேண்டாம்னு சொல்லணும். உங்களுக்குத் தெரியாததா?”

தெரியும். கோபத்தில் மறந்து தொலைத்திருந்தேன்.

“நீங்களே குடுத்துடுங்களேன்.”

“என்னை இழுக்காதீங்கம்மா” என்று லென்ஸை மறுபடி மாட்டிக்கொண்டார்.

பஸ் ஏறாமல் நடந்தே போனேன். அவளை நறுக்கென்று நாலு கேள்வி கேட்கவேண்டும் என்று வழியெல்லாம் வார்த்தைகளைச் சேர்த்து வைத்துக்கொண்டேன். அக்காதான் கதவைத் திறந்தாள். தலை முக்கால்வாசி நரைத்திருந்தது. உறையை மட்டும் நீட்டினேன்.

“வேண்டாமா?”

“வேண்டாம்.”

அவள் உறையை வாங்கவில்லை. அதைப் பிடித்திருந்த என் கையைப் பிடித்தாள்.

“நீ வேண்டாம்னுதான் சொல்லுவேன்னு தெரிஞ்சுதான் சுத்துல போட்டேன்” என்றாள். “நீ வாங்கிட்டுப் போயிருந்தா, என் வாசப்படி ஏறியிருப்பியாடி?”