போன வாரத்து வெண்டல்

மார்லா உள்ளங்கைகளைத் தொடையில் தேய்த்துக்கொண்டே இருந்தாள். மிசௌரியின் மார்ச் குளிரில் விரல்கள் விறைத்திருந்தன. பேனா இல்லாத தேர்வு இது. விரல்தான் பதில் சொல்ல வேண்டும். எலும்பையும் தசையையும் கையாலேயே சரிசெய்யக் கற்றுத்தரும் ஆஸ்டியோபதி மருத்துவக் கல்லூரியின் இரண்டாம் ஆண்டில் மருந்துப் பாடங்களிலெல்லாம் முன்னால் நின்றவள், கைத்தேர்வில் மட்டும் ஒருமுறை தவறிவிட்டாள். இன்றும் தவறினால் இந்த வருடத்தையே திரும்பப் படிக்க வேண்டும்.

நோயாளியாகப் படுக்க வேண்டியவன் அவளுடைய பயிற்சி ஜோடி வெண்டல். இரண்டு வருடமாக ஒருவர் முதுகில் ஒருவர் பழகியவர்கள்.

“எதுக்குப் பயப்படுற? என் பொண்டாட்டிய விட என் இடுப்பப் பத்தி உனக்குத்தான் நல்லாத் தெரியும்.”

“அத அவகிட்டயே சொல்லேன். வீட்டுக்குள்ள விடுறாளான்னு பாக்கலாம்.”

தண்ணீர் குடிக்கப் போனாள். வந்தவள் மறுபடியும் போனாள். திரும்பியபோது வராந்தா பெஞ்சில் குப்புறக் கிடந்த வெண்டல் எழுந்துகொண்டிருந்தான். பக்கத்தில் அடுத்த ஜோடியின் கிளேட்டன் கையை உதறிக்கொண்டு நின்றான். காத்திருக்கும் நேரத்தில் அகப்பட்ட முதுகில் கையைச் சூடேற்றிக்கொள்வது இங்கே வழக்கம். அவள் அதைப் பெரிதாக எண்ணவில்லை.

உள்ளே தேர்வாளர் டாக்டர் ப்ரூயிட் காத்திருந்தார். படுத்திருப்பவன் வாய் திறக்கக் கூடாது என்பது விதி. மார்லா கட்டைவிரல்களை வெண்டலின் இடுப்பில் வைத்தாள்.

“வலப்பக்க இடுப்பெலும்பு மேல ஏறியிருக்கு, டாக்டர்.”

“அதுக்குள்ளயா? நான் இன்னும் பேனாவையே திறக்கலையே.”

பழகிய நினைவில் வாய் முந்திவிட்டது; அப்போதுதான் விரல்கள் நிஜமாகத் தொட்டன. இரண்டு கட்டைவிரலும் ஒரே மட்டத்தில் இருந்தன. அழுத்திப் பார்த்தாள். மாற்றமில்லை. வெண்டலின் காதுமடல் சிவந்தது. பதிலை மாற்றினால் ஊகிக்கிறாள் என்று நினைப்பார். மாற்றாவிட்டால் ஏறாத எலும்பை இறக்க வேண்டும்.

“அத எழுதாதீங்க, டாக்டர். நான் சொன்னது போன வாரத்து வெண்டல். இன்னைக்கு ரெண்டு பக்கமும் சமமா இருக்கு. இடது விலாவுக்குக் கீழதான் இறுக்கம்.”

ப்ரூயிட் அவளை விலக்கிவிட்டுத் தன் விரல்களை வைத்தார். வெகுநேரம் எடுக்கவில்லை.

“வலப்பக்கத்த அமுக்கப் போயிருந்தீங்கன்னா இப்பவே வெளிய அனுப்பியிருப்பேன். இடது விலாதான். அத சரி பண்ணுங்க.”

மாலையில் தேறியவர்களின் பெயர்களைச் சொன்னார்கள். அவள் பெயரும் இருந்தது. கார் நிறுத்துமிடத்தில் வெண்டல் கூடவே வந்தான்.

“கிளேட்டன் சும்மா அமுக்கிப் பாக்குறேன்னான். சட்டுனு சத்தம் வந்துச்சு, இடுப்பு இறங்கிடுச்சு. உன்கிட்ட சொல்றதுக்குள்ள கூப்பிட்டுட்டாங்க. வாயத் திறக்க முடியாம உள்ள நான் பட்ட பாடு!”

“இனிமே எவன் கை வச்சாலும் ரசீது வாங்கிட்டு வா.”

அவன் சிரித்தான். பிறகு அவள் கையைப் பார்த்தான். “அதான் முடிஞ்சுதே. தேய்க்குறத நிறுத்து.”

“கோடையிலேர்ந்து ஆஸ்பத்திரிப் பயிற்சி. எல்லாம் தெரியாத முதுகு,” என்றாள் மார்லா, தேய்த்துக்கொண்டே.