காத்துப்பட்டணத்துக்கு எதிராக

அந்த வருஷம் பழவேற்காட்டு ஏரியின் முகத்துவாரம் மண் மூடிக்கொண்டது. கடல் தண்ணீர் ஏரிக்குள் வரவில்லை, மீனும் வரவில்லை. நின்று நின்று கால் மரத்துப்போன நாரைகள், பறக்கத் தெம்பில்லாமல், வரிசையாகச் சூலூர்பேட்டைப் பக்கம் நடந்தே போனதைக் கோட்டைக்குப்பத்தில் பார்க்காதவர்கள் இல்லை. பார்க்காதவர்கள் அன்றைக்கு ஊரில் இல்லாதவர்கள்.

வேலையில்லாத ஆண்களுக்குப் பொழுது போக வேண்டும். சீட்டாடினால் ஊர்ப் பஞ்சாயத்தில் அபராதம். அரசியல் பேசலாமென்றால் எமர்ஜென்சி. இருக்கிற சர்க்காரைப் பற்றித்தானே பேசக் கூடாது, இல்லாத சர்க்காரைப் பற்றிப் பேசினால் எவன் கேட்பான் என்று துளசிங்கம் கண்டுபிடித்ததுதான் ஊராட்டம்.

ஈர மணலில் ஓர் ஏரி வரைவார்கள். பழவேற்காட்டு ஏரி இல்லை. இதில் மீன் பேசும், படகு பறக்கும், தீவுகள் தூக்கத்தில் புரண்டு இடம் மாறிப் படுக்கும். ஆளுக்கொரு சங்கை வைத்து, இது என் பட்டணம், ஆள்கிறவர் இன்னார், ஆள்கிற முறை இப்படி என்று சொல்ல வேண்டும். மற்றவர்கள் அந்தப் பட்டணத்துக் குடிகளாகி வழக்குப் போடுவார்கள். தீர்ப்புச் சொல்ல முடியாவிட்டால் சங்கு தண்ணீருக்குள் போய்விடும். அதே மாதிரி ஆட்சி வேறெங்காவது ஏற்கெனவே நடந்தாலும் அதே கதிதான்.

துளசிங்கத்தின் பட்டணத்தை ஆண்டது ஒரு கூழைக்கடா. மனுக்களை அலகுப் பையில் வாங்கிப் போட்டுக்கொள்ளும். விழுங்கினால் தள்ளுபடி, துப்பினால் சாங்ஷன். பொங்கலுக்குக் கட்டிய பட்டணம் மாசி மகம் தாண்டியும் விழவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து மிச்சமிருந்த கருவாட்டைப் பிரிக்கிற பெண்களெல்லாம் சிரித்தார்கள், அவன் மனைவி பச்சையம்மாவைத் தவிர.

"வூட்ல கிருஷ்ணாயில் இல்ல. அந்தப் பறவைகிட்ட ஒரு மனு குடு" என்பாள், முகம் மாறாமல்.

பங்குனியில் ரியாசுதீன் வந்தான். பழவேற்காட்டுக்காரன், சைக்கிளில் ஐஸ் பெட்டி கட்டிக்கொண்டு எறா வாங்க வருகிறவன். எறா இல்லாத ஊருக்கு எறா வாங்க தினமும் வருகிறவன்மேல் துளசிங்கத்துக்கு முதலிலேயே சந்தேகம். ஒருநாள் அவனும் ஒரு சங்கை வைத்தான்.

"இது காத்துப்பட்டணம். வாடை அடிச்சா பொம்பளைங்க ஆட்சி. கச்சான் காத்து அடிச்சா ஆம்பளைங்க ஆட்சி. காத்தே இல்லன்னா சர்க்காரே இல்ல. ஆனா அத்த யாரும் கவனிக்கறதில்ல."

பச்சையம்மா சிரித்தாள். பல் தெரிய, கருவாட்டைக் கீழே போட்டுவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "யக்கா, நாம அங்க குடி பூந்துரலாம்" என்று பக்கத்திலிருந்தவளின் தொடையில் தட்டினாள்.

அவளிடம் அப்படி ஒரு சிரிப்பு இருப்பதே துளசிங்கத்துக்கு இத்தனை காலம் தெரியாது. எங்கே வைத்திருந்தாள்? அரிசிப் பானைக்குள்ளா? அன்று அவன் குடித்த பழங்கஞ்சி வயிற்றுக்குள் மறுபடி கொதித்தது. ஏப்பம் விட்டபோது ஆவி வந்ததை எதிரில் வலை பின்னிக்கொண்டிருந்த சகாதேவன் பார்த்திருக்கிறான்.

மறுநாள் துளசிங்கம் வழக்குப் போட்டான். "ஒரு பொம்பள தீர்ப்பு சொல்லிக்கினு கீறா. பாதில காத்து மாறிடுச்சி. இன்னா பண்ணுவ?"

"மீதித் தீர்ப்ப ஆம்பள சொல்லுவான். எங்க பட்டணத்துல முழுத் தீர்ப்பு வாங்கினவன் ஒருத்தனும் இல்லண்ணே. அதான் யாருக்கும் யார் மேலயும் பொறாம இல்ல."

பச்சையம்மா மறுபடி சிரித்தாள். துளசிங்கம் தன் கூழைக்கடாப் பட்டணத்தைத் தானே தூக்கித் தண்ணீரில் எறிந்துவிட்டு எழுந்து போனான். சில நாள் கழித்து ஒரு பெரிய சங்கோடு வந்தான்.

"என் ஊர்ல ராஜா கெடையாது. வூட்டுக்கு ஒரு நாள் ஆட்சி. எந்த வூட்டுக்கு எந்த நாளுன்னு சீட்டுக் குலுக்கி எடுக்கறது. அவன் நாள்ல அவன் வெச்சதுதான் சட்டம். மறுநாள் அவனும் எல்லாரோட வரிசையில நிப்பான். எவ்ளோ பெரிய கையா இருந்தாலும் அடுத்தவன் நாள புடுங்க முடியாது. ஜொரம் வந்து படுத்துக்கினாலும் ஒன் நாளு ஒனக்குத்தான்."

யாருக்கும் வழக்கு வரவில்லை. சகாதேவன் தாடையைச் சொறிந்தான். துளசிங்கம் பச்சையம்மாவைப் பார்த்தான்.

"அய்ய, இது நம்ம பாடுயா!" என்றாள் அவள். "மீன எடுத்துட்டு ஆட்சிய வெச்சிக்கீற!"

ஏரியில் எந்த வீடு எந்த நாளில் எந்த இடத்தில் வலை கட்டலாம் என்று குப்பத்தார் சீட்டுப் போட்டுப் பிரித்துக்கொள்வதுதான் பாடு. பிறந்ததிலிருந்து அதற்குள்ளேயே கிடந்த துளசிங்கத்துக்கு அது கண்ணில் படவில்லை. தன் மண்டையில் உதித்த புதுச் சரக்கென்றே நம்பியிருந்தான். எல்லாரும் கை தட்டிச் சிரித்தார்கள். சகாதேவன் சங்கை எறியத் தூக்கினான். ரியாசுதீன் அவன் கையைப் பிடித்துக்கொண்டான்.

"எறியாதண்ணே."

"நடக்கற ஆட்சிப்பா இது. ஆட்டத்துல செல்லாது."

"உங்களுக்கு நடக்குது. எனக்கு எங்க நடக்குது? எங்க வூட்டுப் பேரு எந்தப் பாட்லயும் இல்ல. பொட்டியோட கரையில நின்னுக்கினு நீங்க சீட்டுக் குலுக்கறதப் பாத்துக்கினே இருந்திருக்கேன். காத்துப்பட்டணம்லாம் சும்மா பேச்சுண்ணே. குடி போவணும்னா நான் துளசிங்கண்ணன் ஊருக்குத்தான் போவேன்."

பச்சையம்மா எழுந்து வந்து, புருஷனுக்காக ஆற்றி வைத்திருந்த டீயை ரியாசுதீன் கையில் கொடுத்தாள்.

துளசிங்கம் அந்த டம்ளரையே பார்த்தான். இந்தக் கரையில் பொறாமைப்படுகிற வேலையாவது தனக்கு மட்டும் என்று இருந்தது. அதிலும் இவன் பங்குக்கு வந்துவிட்டான்.

"சரி, என் ஊர்ல உனக்கும் ஒரு நாளு தர்றேன்."

"நெசமாவாண்ணே? எந்த நாளு?"

"பௌர்ணமி."

நிலா வெளிச்சத்தில் எறா வலைப்பக்கம் எட்டிக்கூடப் பார்க்காது. சீட்டில் அந்த நாள் விழுந்தவன் வீட்டில் துக்கம் விசாரிப்பார்கள். எறா வியாபாரிக்கு இது தெரியாமலா இருக்கும்? இருந்தும் ரியாசுதீன் டீயைக் கீழே வைத்துவிட்டு, "போதும்ணே" என்றான், நிஜமாகவே.

"அடப்பாவி மனுசா! இல்லாத ஊர்ல ஒரு நல்ல நாள குடுக்கக்கூட ஒனக்குக் கை வரல பாரு!" என்றாள் பச்சையம்மா. சொல்லிக்கொண்டே சிரிக்க ஆரம்பித்தாள். மணலில் உட்கார்ந்து, விலாவைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பார்வை முழுக்க துளசிங்கத்தின் மேல்தான் இருந்தது.

துளசிங்கம் சகாதேவன் கையிலிருந்த சங்கை வாங்கி மணல் ஏரியின் நடுவில் ஊன்றினான். பிறகு ரியாசுதீனைக் கொஞ்சம் தள்ளி, அந்தப் பக்கமாக உட்காரச் சொன்னான். பச்சையம்மா இந்தப் பக்கம் இருந்தாள்.