பதினாலாம் நம்பர் வீடு திரும்பவில்லை

அந்த நோட்டுப் புத்தகத்தில் இருபத்து நாலு பெயர்கள் இருந்தன. எல்லாம் தோட்டத்தில் பால்மரம் வெட்டுகிறவர்கள், ரப்பர் மரத்தில் கோடு கீறிப் பால் இறக்குகிறவர்கள். பெயருக்கு முன்னால் செக்ரோல் எனும் ஆள்பதிவேட்டின் நம்பர். பின்னால் ‘வெளியே 2.10’, ‘திரும்ப 5.40’, ‘மேல் பாறை’, ‘பொந்து’ என்று குறிப்புகள்.

கேட்டில் சோதனை போட்ட காவலன் தேடியது அரிசியை. மலாயாவில் அவசரகாலம் தொடங்கி நாலாவது வருஷம். தோட்டத்துக் கம்பி வேலிக்கு வெளியே ஒரு பிடி அரிசி போனாலும் அது காட்டில் இருக்கிற கம்யூனிஸ்டுகளுக்குத்தான் போகிறது என்று சட்டம் நம்பியது. போர்டிக்சன் பஸ்ஸுக்குக் கிளம்பிய இராஜமாணிக்கத்தின் பையில் அரிசி இல்லை. ஓர் அடிக்கோல், ஒரு பெயிண்ட் டப்பா, இந்த நோட்டு, அவ்வளவுதான். அரிசி இருந்திருந்தால் வம்பு அவன் ஒருவனோடு போயிருக்கும்.

ஒரு மணி நேரத்தில் சிரம்பானிலிருந்து டிடெக்டிவ் சார்ஜன் குலாம் முகம்மது வந்துவிட்டார். தமிழ் படிக்கத் தெரிந்தவர். அதுதான் வம்பு. கேட்டுப் பக்கத்துக் கொட்டகையில் உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் படித்தார். அதிகக் குறிப்பு இருந்த மூன்று பேரை வேலைக்காட்டிலிருந்து கூட்டிவரச் சொன்னார். முனியாண்டி, அவன் மனைவி ராக்கம்மா, அடுத்த வரிசை லயத்து வீட்டில் இருக்கும் பஞ்சாலை என்பவள். மூவரும் கையில் பால் பிசுக்கோடு வந்து நின்றார்கள்.

“முனியாண்டி ரெண்டு பத்துக்கு வெளிய போறான். அஞ்சு நாப்பதுக்குத் திரும்புறான். ராத்திரியில ஊரடங்கு. இதுக்கு என்ன தம்பி சொல்ற?”

“அது மனுசன் இல்லீங்கய்யா. நத்தை,” என்றான் இராஜமாணிக்கம்.

சார்ஜன் சிரிக்கவில்லை. “அப்ப ராக்கம்மா?”

“அதுவும் நத்தைதாங்க.”

“பஞ்சாலை?”

“நத்தைங்க.”

“யார்ரா நத்தை?” என்றாள் ராக்கம்மா. “விடிய நாலு மணிக்கு எந்திரிச்சு, மத்தவளுக மொத மரம் தொடுறதுக்குள்ள பத்து மரம் வெட்டுறவ நான். என்னையாடா நத்தைங்கிற?”

“அத்தை, நீங்க சும்மா இருங்க.”

“நீ படிச்சது என்ன தம்பி?” என்று கேட்டார் சார்ஜன்.

இராஜமாணிக்கம் ஒப்பித்தான். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி. பிறகு சிரம்பானில் இங்கிலீஷ் பள்ளி. பள்ளி விடுமுறைகளில் தோட்டத்து ஆபீஸ் குமாஸ்தா கிராணிக்குச் செக்ரோல் எழுதிக் கொடுத்தது. உபகாரச் சம்பளத்தில் சிங்கப்பூரில் பல்கலைக்கழகம், விலங்கியல் பட்டம். இப்போது மேல்பட்டத்துக்குக் கடல் உயிர்களைப் பற்றி ஆராய்ச்சி. போர்டிக்சன் கரையில் பாறையோடு ஒட்டி வாழும் ஒரு நத்தை, தொப்பியைக் கவிழ்த்த மாதிரி ஓடு. கடல் வடியும்போது ஈரப் பாறையில் மேயக் கிளம்பும். பாறை காய்வதற்குள் புறப்பட்ட அதே பள்ளத்துக்குத் திரும்பி அப்பிக்கொள்ளும். ஒவ்வொன்றும் தவறாமல் தன் வீட்டுக்கே வருகிறதா என்பதுதான் கேள்வி. பதினோரு மாதமாகப் பார்த்து எழுதியது இந்த நோட்டில்தான் இருக்கிறது. வேறு பிரதி கிடையாது.

“அத்தனை வருசம் படிச்சிட்டு, நத்தை வீட்டுக்கு வந்துச்சான்னு பாக்குற வேலையா?” என்றாள் பஞ்சாலை. “என் புருசன் உசுரோட இருந்தப்ப அந்த வேலையத்தான் நானும் பாத்தேன். எனக்கு யாரும் பட்டம் குடுக்கல லா.”

காவலன் சிரித்துவிட்டு, சார்ஜன் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

“நம்பர் போதுமே. பேரு எதுக்கு?” என்றார் சார்ஜன்.

“செக்ரோல் எழுதிப் பழகின கைங்க. ஓட்டு மேல பதினாலுன்னு பெயிண்ட் அடிச்சதும் வாயில முனியாண்டின்னு வந்துருச்சு. பேரு வெச்சா மறக்காது.”

“ரெண்டு பத்து பகலா ராத்திரியா?”

“பகலுங்க.”

“எழுதலையே.”

பட்டம் வாங்கியவன் செய்யக்கூடாத பிழை அது. போன வருஷம் பக்கத்துத் தோட்டத்தில் இதைவிடச் சின்னக் காகிதம் ஒன்று அகப்பட்டது. அதில் பெயர் இருந்த இரண்டு பேரை லோரியில் ஏற்றினார்கள். இன்னும் திரும்பவில்லை. இங்கே இருபத்து நாலு பேர். கொட்டகையில் எல்லோருக்கும் அது தெரியும். அந்தப் பயத்தில்தான் ராக்கம்மா இவ்வளவு பேசினாள்.

சார்ஜன் கடைசிப் பக்கத்தில் விரலை வைத்தார். “‘பதினாலு, முனியாண்டி. வீட்டில் இல்லை.’ ரெண்டு வாரமா இதே எழுதியிருக்கு. எங்க போனே?”

“எங்கயும் போகலீங்கய்யா,” என்றான் முனியாண்டி. “பதினேழு வருசமா விடியக்காலைப் பெரட்டுல பேரு கூப்பிட்டு ஒரு நாள் நிக்காம இருந்ததில்ல. கிராணிகிட்ட கேளுங்க.”

சார்ஜன் எழுந்தார். “இந்த நோட்டு சிரம்பானுக்குப் போனா அங்க வெள்ளைக்காரத் தொரை மொழிபெயர்த்து வாங்கிப் படிப்பாரு. அவருக்கு நத்தை கதையெல்லாம் சொல்ல முடியாது. இப்பக் கடல் எப்படி?”

“பதினொண்ணரைக்குப் பாறை நல்லாக் காஞ்சிருக்கும். எல்லாம் வீட்ல இருக்கும்.”

“லோரியில ஏறுங்க.”

மாத்தா என்று தோட்டத்தில் சொல்லும் போலீஸின் லோரியில், பின்பக்கம் நாலு பேரும், துப்பாக்கியோடு இரண்டு காவலர்களும். பஞ்சாலை கடல் பார்த்ததே இல்லை. இருபது மைல் தள்ளி இருந்தும் வாய்க்கவில்லை. “மாணிக்கம் புண்ணியத்துல கடலும் பாக்கப் போறேன், ஜெயிலும் பாக்கப் போறேன்” என்றாள்.

பாறை கறுத்து, கத்தி முனைபோல் சிப்பி ஒட்டிக் கிடந்தது. இராஜமாணிக்கம் குனிந்தபடி ஒவ்வொன்றாகக் காட்டினான். கட்டைவிரல் நகம் அளவு நத்தைகள், முதுகில் வெள்ளை நம்பர். சார்ஜன் நோட்டைப் பிடித்துப் பெயர் வாசித்தார். கிராணி பெரட்டில் வாசிப்பது போலவே இருந்தது.

“இருபத்திரண்டு, ராக்கம்மா.”

“இதோ, மேல் பாறையில. இருக்கிறதுல பெரிசு.”

“அது என்னடா, எனக்கு மட்டும் இம்புட்டு உடம்பு?”

“தானா வளர்ந்தது அத்தை. நான் என்ன செய்ய?”

“பதினேழு, பஞ்சாலை.”

“விளிம்புக்குக் கீழ, நிழல்ல.”

பஞ்சாலை குனிந்து பார்த்தாள். “நல்ல வீடுதான். லயத்த விடப் பரவால்ல.”

இருபத்து மூன்று கிடைத்தன. பதினாலாம் நம்பர் பள்ளம் காலியாக இருந்தது. பாறையில் வட்டமாக ஒரு தடம், அவ்வளவுதான்.

“அலை அடிச்சிட்டுப் போயிருக்கலாங்கய்யா. மீன் தின்னிருக்கலாம்.”

“பெயிண்ட் டப்பா இருந்தா இருபத்து மூணு நத்தைக்கு யாரு வேணும்னாலும் நம்பர் போடலாம் தம்பி,” என்றார் சார்ஜன் மெதுவாக. “எனக்கு வேண்டியது இருக்கிறவன் இல்ல. இல்லாதவன். புக்குல காணாம போனவன் இங்க கெடச்சா, புக்கு நெசம்.”

முனியாண்டி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பாறையில் மண்டியிட்டான். இருட்டில் மரம் தடவி நேற்றைய வெட்டுக்கோட்டைக் கண்டுபிடிக்கிற விரல்கள். பொந்து பொந்தாகத் தடவினான். சிப்பி கிழித்து ரத்தம் வந்தது. “நானாவது, பெரட்டுக்கு வராம இருக்கிறதாவது” என்று முணுமுணுத்தான். ராக்கம்மா நின்றுகொண்டே வழி சொன்னாள். “இந்தப் பக்கம் பாருய்யா. உனக்கு எப்பவும் கண்ணு முன்னாடி இருக்கிறது தெரியாது.”

கால்மணி நேரம் கழித்து அவன் கை விளிம்புக்குக் கீழே நின்றது. பஞ்சாலை நத்தைக்குப் பின்னால், அதன் மேல் சாய்ந்தாற்போல், சேறு மூடிய இன்னொரு ஓடு. எச்சில் தொட்டுத் துடைத்தான். வெள்ளையாக ஒன்று தெரிந்தது. பிறகு நாலு.

“கெடச்சிருச்சுங்கய்யா!” என்று கத்தினான். கத்திய பிறகுதான் எந்த இடம் என்று புரிந்தது.

எல்லோரும் குனிந்து பார்த்தார்கள்.

“ரெண்டு வாரமா இங்கதானா?” என்றாள் ராக்கம்மா.

“நான் கூப்பிடலடி, சத்தியமா,” என்றாள் பஞ்சாலை. “தானா வந்திருக்காரு.”

காவலர்கள் இருவரும் துப்பாக்கியைச் சாய்த்துவிட்டுச் சிரித்தார்கள். சார்ஜன் நோட்டையும் பென்சிலையும் இராஜமாணிக்கத்திடம் நீட்டினார். அவன் வாங்கிக்கொண்டு எழுதாமல் நின்றான். எல்லா நத்தையும் தன் வீட்டுக்கே திரும்பும் என்பதுதான் பதினோரு மாத உழைப்பின் முடிவாக இருந்தது. கடல் தின்றது என்றால் முடிவு அப்படியே நிற்கும். அடுத்த வீட்டில் இருக்கிறது என்றால் நிற்காது.

“டேய் மாணிக்கம்,” என்று முனியாண்டி காதோரம் வந்தான். “செத்துப் போச்சுன்னு எழுதிருடா. புண்ணியமாப் போகும்.”

“உள்ளத எழுதுடா,” என்றாள் ராக்கம்மா. “சிங்கப்பூர்ல பெரிய பெரிய ஆளெல்லாம் படிக்கட்டும்.”

சார்ஜன் பென்சிலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இராஜமாணிக்கம் எழுதினான். ‘14. பகல் 12.20. பஞ்சாலை வீட்டில்.’ சார்ஜன் எட்டிப் படித்தார். “பகல்னு போட்டுட்டே. நல்லது. இன்னைக்கே உக்காந்து பேரையெல்லாம் மாத்தி வேற நோட்டுல எழுது தம்பி. அடுத்து வர்ற சார்ஜனுக்குத் தமிழ் தெரியாது. கடலுக்கும் கூட்டிட்டு வரமாட்டான்.” லோரியை நோக்கி நடந்தார்.

மறுநாள் விடியுமுன் பெரட்டில் கிராணி செக்ரோலை விரித்தார். பன்னிரண்டு வந்தது, பதின்மூன்று வந்தது.

“பதினாலு, முனியாண்டி.”

அவன் வாயைத் திறப்பதற்குள் ராக்கம்மா பதில் சொன்னாள்.

“பஞ்சாலை வீட்ல தேடுங்க கிராணியாரே.”