நுரைக்குக் கொசுறு கிடையாது

ஜவ்வாது மலையில் உள்ள எங்கள் பட்டறையில், போளூர் மீன் வியாபாரிகளுக்குக் குளிர்பெட்டி செய்கிறோம். இரண்டு திரவங்களைக் கலந்து பெட்டியின் இரட்டைச் சுவருக்குள் ஊற்றினால், அது நுரையாகப் பொங்கி இறுகிவிடும். அளவு கூடினால் சுவர் வீங்கிவிடும்.

இவ்வளவு நாள் செல்லி அக்கா கையால் ஊற்றினார். இப்போது அளந்து ஊற்ற இயந்திரம் வந்திருக்கிறது. மாலை வகுப்பில் இயந்திரத் தொழில் படிக்கிறேன் என்பதால், அதை அமைக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. அளவைத் திரும்பத் திரும்பச் சரிபார்த்தேன். அப்படியும் முதல் நாளே பெட்டிகள் வீங்கின.

"நாளைக்கும் இப்படின்னா மிஷினைத் திருப்பி அனுப்பிடுவேன்" என்றார் முதலாளி பூபாலன். தப்பு என் கணக்கில்தான் என்று நினைத்தேன்.

மதியம் பக்கத்திலேயே நின்று கவனித்தேன். இயந்திரம் ஊற்றி முடித்ததும், அக்கா குவளையில் கலந்து வைத்திருந்ததையும் கொஞ்சம் ஊற்றினார்.

"இன்னாக்கா பண்றீங்க?"

"கொசுறு மே. சாமை அளந்தா படி மேல குவிச்சுத்தானே போடுவோம்? உன் மிஷினு தலைதட்டி அளக்குது, கஞ்சப் பிசினாறி!"

"நுரையைக் குவிச்சா பெட்டி வீங்கும்க்கா."

"தெரியுது. நான் ஊத்துறப்ப கொசுறையும் சேத்துத்தான் அளவு. பழகுன கை கேக்க மாட்டேங்குதே!"

அன்று சாயந்திரமே இரட்டைச் சுவரின் வாய்க்கு ஒரு மூடி செய்து, அதில் இயந்திரத்தின் குழாய் மட்டும் நுழையும் அளவுக்குத் துளை போட்டேன். மூடியை இறுக்கினால்தான் இயந்திரம் ஊற்றும்படி மாற்றினேன். சரிவருமா என்ற சந்தேகம் விடவில்லை.

மறுநாள் ஒரு பெட்டிகூட வீங்கவில்லை. பூபாலன் சுவர்களைத் தட்டிப் பார்த்துவிட்டு, "மிஷின் இங்கேயே இருக்கட்டும்" என்றார்.

அக்கா குவளையோடு மூடியைச் சுற்றி வந்தார்.

"வழியே இல்லாம பூட்டிட்டியா மே? அப்ப என் கைக்கு வேற வேலை குடு."

மூடியை இறுக்கும் வேலையை அவரிடம் கொடுத்தேன்.