இரண்டு அங்குல வாட்டம்

1

இந்தக் கதை ஒரு தப்பான அர்த்தத்தில் பிறந்தது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

புத்தக அலமாரி வாங்கப் போயிருந்தேன். பெரிய மரச்சாமான் கடை. முன்னால் அறுபது கார் நிற்கிற தார்த்தளம். மழை பிடித்துக்கொண்டதால் காருக்குள்ளேயே உட்கார்ந்திருந்தேன். அறுபது வயதிருக்கும் ஒருவர் தொப்பலாக நனைந்தபடி, நீளக் கழி மாட்டிய வைப்பரால் தண்ணீரைச் சாலைப் பக்கம் தள்ளிக்கொண்டிருந்தார். தள்ளத் தள்ள அது திரும்பி அவர் காலடிக்கே வந்தது. கண்ணாடியை இறக்கி, எதற்கு இந்த வீண் வேலை என்று கேட்டேன்.

"வாட்டம் அந்தப் பக்கம் குடுத்துட்டேன் சார்" என்று கடையின் பின்பக்கத்தைக் காட்டினார்.

வாட்டம் என்றால் எனக்குத் தெரிந்தது முகவாட்டம், மனவாட்டம். யாருக்கோ வருத்தத்தைக் கொடுத்துவிட்டு மழையில் நின்று அதற்கு ஈடு செய்கிற மனிதர்! கதை தானாக வந்து மடியில் விழுந்துவிட்டது என்று வீட்டுக்கு ஓடி எழுத உட்கார்ந்தேன். அலமாரி வாங்கவில்லை.*

* இன்னும் வாங்கவில்லை. புத்தகங்கள் தரையில்தான் கிடக்கின்றன.

2

முதல் தொடக்கம்: "துயரத்துக்கும் ஒரு திசை உண்டு என்பதை அந்த மழைநாளில்தான் நான்—"

அடித்துவிட்டேன். இப்படி எழுதுகிறவர்களைக் கண்டால் எனக்கே ஆகாது.

இரண்டாம் தொடக்கம்: "அவர் கண்களில் ஆழ்ந்த—"

கொட்டிய மழையில் அவர் கண்கள் எனக்குத் தெரியவே இல்லை. புளுகு.

மூன்றாவதை எடுத்துக்கொண்டு அவரையே தேடிப் போனேன். ஒரு டீ வாங்கிக் கொடுத்துப் படித்துக் காட்டினேன். பாதியிலேயே சிரித்துவிட்டார். தளம் போடுகிறவர்கள் பேச்சில் வாட்டம் என்றால் சரிவாம். அந்தத் தளத்தைப் போட்ட மேஸ்திரியே அவர்தானாம். பார்வைக்குச் சமமாகத் தெரிகிற எந்தத் தளமும் சமமில்லை என்றார். பத்தடிக்கு இரண்டு அங்குலமாவது ஒரு பக்கம் இறங்கவேண்டும். இல்லாவிட்டால் தண்ணீர் தேங்கித் தாரைத் தின்றுவிடும். எந்தப் பக்கம் இறக்குவது என்பதில்தான் மேஸ்திரியின் மூளை இருக்கிறது.

மூன்று வரைவும் குப்பைக்குப் போயின. அதன்பிறகு மிச்சக் கதையையும் சொன்னார். சொல்லி முடித்தபோது சிரிப்பு போயிருந்தது. நான் எடுத்துக்கொண்ட அர்த்தமும் அப்படியொன்றும் தப்பில்லை என்று தோன்றியது.

3

இனி கதை. மேஸ்திரியின் பக்கத்தில் நின்று சொல்கிறேன்.

வரைபடத்தில் வாட்டம் சாலைப் பக்கம்தான் இருந்தது. ஆனால் சாலை வடிகாலோடு இணைக்க நடைபாதையை வெட்டவேண்டும். அனுமதி கிடைக்க ஆறு வாரம் ஆகும். கடைத் திறப்புக்கு இருந்தது பன்னிரண்டு நாள். பின்பக்கம் திருப்பிவிடுங்கள், சுவரடியில் மூன்று துளை போட்டால் தண்ணீர் பின்னால் இருக்கும் சந்துக்குப் போய்விடும் என்றார் கடை மேனேஜர். அந்தச் சந்தில் ஐந்து கடைகள். அவற்றில் தாழ்வான கடை மேஸ்திரியின் அக்காவுடையது. தையல் கடை.

(மேனேஜரை வில்லனாக்கப் பார்த்தேன். ஒரு முறுக்கு மீசைகூட வைத்தேன். மேஸ்திரி ஒத்துக்கொள்ளவில்லை. "அவர் சொன்னாரு, சரி. வாட்டம் பார்த்து நூல் கட்டினது என் கைதானே சார்?" என்றார். மீசையை எடுத்துவிட்டேன்.)

முடியாது என்று சொல்லியிருந்தால் வேறொரு ஆளை வைத்து முடித்திருப்பார்கள். அவரை நம்பி எட்டுப் பேர் இருந்தார்கள். சந்துக்குத்தான் ஒரு சாக்கடை இருக்கிறதே, அது தாங்கிக்கொள்ளும் என்று மனசுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டார். கட்டியிருந்த நூலைப் பிடுங்கி மறுபக்கம் இறக்கிக் கட்டினார். பிறகு தார்க்கலவை லாரியில் கொதிக்கக் கொதிக்க வந்துவிட்டது. சூடு ஆறுவதற்குள் பரப்பி ரோலர் ஓட்டியாகவேண்டும். அந்த நேரத்தில் யாரும் அக்காவை நினைப்பதில்லை.

பன்னிரண்டு நாளும் மதியச் சாப்பாடு அக்கா கடையில்தான். தைக்க வந்த துணிகளை நகர்த்தித் தம்பி உட்கார இடம் பண்ணிக் கொடுப்பார் அக்கா. ஏன் அப்போதே சொல்லவில்லை என்று கேட்டேன். வாயில் சோறு இருந்தது என்றார். பன்னிரண்டு நாளுமா என்று நான் கேட்கவில்லை.

4

முதல் பெருமழையில் தையல் கடைக்குள் கணுக்கால் அளவு தண்ணீர். மறுநாள் காலையில் மேஸ்திரி ஓடி வந்தபோது சந்தே கூடியிருந்தது. இந்தத் தளம் போட்டபிறகுதான் இப்படி, வாருங்கள் போய்க் கேட்போம் என்றார்கள் மற்ற கடைக்காரர்கள். அக்கா தம்பியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே அவர்களை மடக்கினார்.

"என் தம்பி போட்ட தரை. தண்ணி எங்க போகும்னு அவனுக்குத் தெரியாதா? சாக்கடைதான் அடைச்சிருக்கும்."

தெரியும். அதுதான் விஷயமே. மேஸ்திரி ஒரு கம்பியை எடுத்துக்கொண்டு மத்தியானம் வரை சாக்கடையைக் குத்தினார். அதில் அடைப்பே இல்லை.

அன்றைக்குச் சொல்லியிருக்கலாம். அடுத்த மழைக்குச் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டார். அடுத்த மழைக்கு வைப்பரோடு வந்தார். வேலை கெட்டுப்போகாமல் பார்த்துக்கொள்கிறேன் என்று ஊருக்கெல்லாம் சொன்னார். அக்காவுக்கு அதிலும் பெருமை. நான்காவது மழையன்று அவர் வெகுதூரத்தில் வேறொரு வேலையில் இருந்தார். ஈரத் தரையில் அக்கா வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. மகள் வந்து தன் ஊருக்கு அழைத்துப்போய்விட்டாள். தையல் மெஷின் பூட்டிய கடைக்குள்ளேயே இருக்கிறது. நடக்க முடிந்ததும் வந்து தைப்பேன் என்று சொல்லிவிட்டுப் போனாராம். அதனால்தான் மேஸ்திரி இன்னும் தள்ளுகிறார். அக்கா வரும்போது தரை காய்ந்திருக்கவேண்டும்.

ஞாயிறுதோறும் போன் செய்வார். அங்கே மழையா என்று அக்கா கேட்பார். "இங்க மழையே இல்லக்கா" என்பார் இவர். வைப்பரைக் கையில் பிடித்தபடி அப்படிச் சொன்ன ஞாயிறும் உண்டு.

(இந்த இடத்தில் எனக்கு அழுகை வந்தது. மீபுனைவு, அதாவது கதை எழுதுவதைப் பற்றியே கதை எழுதுகிறவன் அழக்கூடாது என்று சட்டமா என்ன.)

5

முடிவுகள்.

அ) மேஸ்திரி பஸ் ஏறிப் போய்ச் சொல்கிறார். அக்கா சிரித்து, எனக்கு அப்பவே தெரியும்டா என்கிறார். அழகாக இருக்கிறது. அதனாலேயே எனக்குச் சந்தேகம்.

ஆ) மேனேஜர் மனமிரங்கித் தளத்தை அறுத்து வாய்க்கால் வெட்ட விடுகிறார். சந்துக்குள் தண்ணீர் வருவது நின்றுவிடும். முறிந்த எலும்பு?

இ) மேஸ்திரி சொல்வதற்குள் அக்கா—

இதை எழுத மாட்டேன். உயிரோடிருப்பவரைக் கொன்று கதையை முடிப்பது சோம்பேறித்தனம்.

மூன்றையும் அவரிடம் வாசித்துக் காட்டினேன். வெகுநேரம் கை நகத்தில் ஒட்டியிருந்த தாரைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"அக்கா ஒரு வாரப் பத்திரிகையை விடாமப் படிப்பாங்க சார். இதை அதுல போட்டுடுங்க. மூணு வாட்டி நேர்ல போனேன். மூணு வாட்டியும் பழத்தைக் குடுத்துட்டுத் திரும்பி வந்துட்டேன். என் வாயால வரமாட்டேங்குது."

6

ஆகவே வாசகரே, மன்னியுங்கள். இவ்வளவு நேரம் உங்களோடு பேசுவதுபோல் வேறொருவரோடு பேசிக்கொண்டிருந்தேன். நீங்கள் இருக்கலாம், போகலாம்.

அக்கா, சாக்கடை அடைக்கவில்லை. தண்ணீர் எங்கே போகும் என்று உங்கள் தம்பிக்குத் தெரியும், தெரிந்தேதான் திருப்பினார். அவர் சொல்லச் சொன்னது இவ்வளவுதான். மன்னிப்புக் கேட்கச் சொல்லவில்லை. அதை நேரில்தான் கேட்கவேண்டுமாம், நீங்கள் வா என்றால்.

உங்கள் பதிலை நான்கு முறை எழுதிப் பார்த்தேன். நான்கிலும் நீங்கள் மன்னித்துவிட்டீர்கள். அது நீங்கள் பேசியதல்ல. அவர் படும் பாட்டைப் பார்க்கப் பொறுக்காமல் நான் பேசியது. நான்கையும் கிழித்துப் போட்டுவிட்டேன்.

இது அச்சாகும் வாரம் அவர் உங்களுக்குப் போன் செய்யமாட்டார். செய்கிற தைரியம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை முழுக்க போனை எதிரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நீங்கள் கூப்பிட்டால்தான் உண்டு.