குருமூர்த்தி கட்டிய பாலிதீன் கூடாரம்

அந்தக் கூடாரத்தை அம்பிகா கேட்டது வெண்டைக்காய்க்காக இல்லை. வெண்டைக்காய் ஒரு சாக்கு. அவள் கணவன் குருமூர்த்தி மூன்று வருடம் கண் விழித்துச் செய்த ஆராய்ச்சியை, அதே முடிவோடு, வேறு ஊர்க்காரன் ஒருவன் முந்திக்கொண்டு அச்சில் ஏற்றிவிட்டான். அன்றிலிருந்து குருமூர்த்தி பேசுவதையே நிறுத்திவிட்டான். ஸ்டுட்கார்ட் குளிரில் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான். சாப்பிட வாங்க என்றால் வருவான், போதுமா என்றால் தலையாட்டுவான். பல்கலைக்கழகத்துக்குப் போவதும் வருவதும் கடனே என்று நடந்தது. டாக்டர் பட்டம் போனால் போகட்டும், ஆள் மிஞ்சினால் போதும் என்று அம்பிகாவுக்குள் ஒரு கிலி பிடித்துக்கொண்டது. அதை வாய்விட்டுச் சொல்லவும் பயம். சொன்னால் பலித்துவிட்டால்?

அவள் ஓர் ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தாள். கூட வேலை செய்தவள் ஒருத்தி பிரசவத்துக்குப் போகும்போது, தன் தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிச் சாவியைக் கொடுத்தாள். டிராமின் கடைசி நிறுத்தத்துக்கு மேலே, மலைச்சரிவில், துண்டு துண்டாக வேலி போட்டுப் பிரித்த தோட்டங்களில் அதுவும் ஒன்று. அம்பிகா புருஷனை இழுத்துக்கொண்டு போனாள்.

"என்னங்க, இங்க வெண்டைக்காய் வருமா?"

"குளிர்ல செத்துடும்."

"சாகாம இருக்க ஏதாவது பண்ணுங்களேன். பெரிய இன்ஜினியர்னு சொல்லித்தானே எங்கப்பாவை ஏமாத்தினாங்க?"

குருமூர்த்தி திரும்பிப் பார்த்தான். பிறகு குனிந்து, ஒரு குச்சியை எடுத்து மண்ணில் அரை வட்டம் ஒன்று போட்டான்.

அப்புறம் அவனைப் பிடிக்க முடியவில்லை. கட்டட வேலை முடிந்த இடங்களுக்கெல்லாம் அலைந்து, தூக்கிப் போட வைத்திருந்த கறுப்புத் தண்ணீர்க் குழாயும் கம்பித் துண்டுகளும், பனிக்குப் போர்த்தியிருந்த பெரிய பாலிதீன் ஷீட்டும் கேட்டு வாங்கி வந்தான். கம்பிகளை எதிரும் புதிருமாக இரண்டு வரிசையில் மண்ணுக்குள் பாதி இறக்கினான். குழாயை வில்லாக வளைத்து, இரண்டு முனைகளையும் கம்பிகளின் மேல் செருகினான். அவ்வளவுதான், கூடாரத்துக்கு விலா எலும்பு வந்துவிட்டது. ஷீட் உரசிக் கிழியாமலிருக்க, அவளுடைய நைந்த புடவை ஒன்றைக் கிழித்துக் குழாய்களில் சுற்றினான். "புடவை கட்டின கூடாரம் உலகத்துலயே இது ஒண்ணுதான்," என்றாள் அவள். அவன் உதட்டோரம் லேசாக அசைந்தது.

ஷீட்டை வெயில் அடிக்கும் மதியத்தில்தான் போர்த்த வேண்டும் என்று பிடிவாதமாக நின்றான். சூட்டில் அது இளகும், அப்போது இழுத்துக் கட்டினால் குளிர்ந்ததும் தானே விறைத்து நிற்குமாம். ஓரங்களைப் பள்ளத்தில் விட்டு மண்ணைத் தள்ளி இருவரும் மிதித்தார்கள். வாசலுக்கு இடித்த வீடு ஒன்றின் நிலையும் கதவும் கிடைத்தன. நிலைக்கு உள்பக்கம், கூரையைத் தாங்க, கனமான கட்டை ஒன்றைக் குறுக்கே பொருத்தினான். உள்ளே நின்றால் ஏப்ரல் மாதத்து மெட்ராஸ் மாதிரி வேர்த்தது. விதை போட்ட ஒரே வாரத்தில் வெண்டை முளைத்துவிட்டது.

பக்கத்துத் தோட்டத்துக் கிழவர் ஹேகலேக்கு மட்டும் பொறுக்கவில்லை. டிராம் ஓட்டி ஓய்வு பெற்றவர், ரோஜாச் செடிகளை வரிசை பிசகாமல் வைத்திருப்பவர். "இது தோட்டமா, சரக்குக் கிடங்கா?" என்று வேலிக்கு அப்பாலிருந்து முணுமுணுத்துக்கொண்டே இருந்தார். போகிறவர் வருகிறவர் எல்லாம் நின்று பார்த்தார்கள். ஊர்க் கண் அத்தனையும் அதன் மேல்தான்.

மே மாதத் தொடக்கத்தில் ஒரு பேய்க்காற்று அடித்தது. ஷீட்டை முதுகோடு பிளந்து போட்டது. அன்று குருமூர்த்தி மறுபடியும் ஜன்னலுக்கே போய்விட்டான். அம்பிகா கெஞ்சினாள், திட்டினாள், ஒன்றும் காதில் ஏறவில்லை. நாலைந்து நாள் கழித்துத் தானாகவே எழுந்து, தனியாகப் போய்க் கிழிசலை ஒட்ட ஆரம்பித்தான். அவளைக் கூப்பிடவில்லை. அதில் சந்தோஷப்படுவதா பயப்படுவதா என்று அவளுக்குத் தெரியவில்லை.

அந்தச் சனிக்கிழமை அவளுக்கு அரை நாள்தான் வேலை. டிபன் கேரியரில் புளிச்சாதத்தோடு டிராமை விட்டு இறங்கி மேட்டில் ஏறிக்கொண்டிருந்தாள். எதிரே ஹேகலே ஓடி வந்தார். எழுபது வயது மனிதர், தலையில் தொப்பி இல்லை, முகத்தில் சொட்டு ரத்தம் இல்லை. வந்த வேகத்தில் அவள் இரண்டு தோள்களையும் பிடித்துக்கொண்டார். அவர் இதுவரை அவளோடு கை குலுக்கியதுகூடக் கிடையாது.

"போகாதீர்கள் அம்மா. உள்ளே போகாதீர்கள். உங்கள் கணவர்..."

மூச்சு இரைத்தது.

"நேற்று நான்தான் அவரைத் திட்டினேன். இதைப் பிரித்துப் போடு, இல்லாவிட்டால் புகார் கொடுப்பேன் என்றேன். கடவுளே, ஒரு பிளாஸ்டிக்குக்காக! கதவைத் திறக்க எனக்குத் தைரியம் வரவில்லை."

என்ன ஆயிற்று என்று அம்பிகா கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. கேரியர் எங்கே விழுந்தது என்றுகூட அவளுக்குத் தெரியாது. ஓடினாள். செருப்பு ஒன்று கழன்றது. யாருடைய பெயரையோ கத்திக்கொண்டு ஓடினாள், அது அவன் பெயர்தான். புருஷன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுப் பழகாத வாய் அன்று மலையே கேட்கக் கத்தியது.

ஷீட்டின் உட்புறம் நீர் கோத்திருந்தது. அதற்குப் பின்னால் மங்கலாக ஓர் உருவம். தோட்ட வேலைக்கென்று அவன் போடும் பிரவுன் பேன்ட். அவனுடைய கட்டம் போட்ட சட்டை. தலை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. கால்கள் தரையில் படவில்லை. மெல்லத் திரும்பியது, மறுபடி இந்தப் பக்கம் திரும்பியது.

அம்பிகா ஓடிய வேகத்திலேயே கதவைத் தள்ளினாள். கால்களைக் கட்டிப் பிடித்து மேலே தூக்கினாள்.

கனமே இல்லை. தூக்கிய வேகத்தில் அவளே பின்னால் சாய்ந்தாள். பேன்ட்டுக்குள்ளிருந்து வைக்கோல் பொலபொலவென்று அவள் தலையில் கொட்டியது. அண்ணாந்து பார்த்தாள். உருளைக்கிழங்குச் சாக்கில் முகம், கரியில் முட்டைக் கண், அய்யனார் மீசை, தொங்கப் போட்ட சிவப்புத் துணி நாக்கு.

திருஷ்டி பொம்மை! மெட்ராஸில் புதிதாக எழும்பும் எந்த வீட்டு முகப்பிலும் தொங்குகிற அதே தடியன். கண் படாமலிருக்கக் கட்டுவது. அவனை ஸ்டுட்கார்ட்டில் எவனாவது கட்டுவான் என்று யார் கண்டது?

அவள் நாற்றுகளின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். பின்னால் வந்த ஹேகலே நெடுநேரம் அந்த முகத்தைப் பார்த்தார். ஒரு கொத்து வைக்கோலைத் தொட்டுப் பார்த்தார். கவிழ்த்திருந்த வாளியின் மேல் அவரும் உட்கார்ந்தார். அம்பிகா உளறிக் கொட்டி விளக்கம் சொன்னாள்.

"யாரும் உற்றுப் பார்க்காமலிருக்க இதைத் தொங்க விடுவீர்களா?" என்றார் அவர்.

சரிவுக்கு அந்தப் பக்கத்துப் பொதுக் குழாயிலிருந்து இரண்டு கையிலும் தண்ணீர் வாளியோடு குருமூர்த்தி வந்து நின்றான். முகமெல்லாம் சிரிப்பு. எத்தனையோ மாதமாக அவள் பார்க்காத சிரிப்பு.

"எப்படி இருக்கார் நம்ம ஆளு?"

அம்பிகா எழுந்து போய் அவன் நெஞ்சில் இரண்டு கையாலும் குத்தினாள். தண்ணீர் கொட்டியது. "அறிவிருக்கா உங்களுக்கு? மனுஷன்தானா நீங்க?"

ஹேகலே எழுந்தார். குருமூர்த்தியின் முழங்கையைப் பிடித்து, சதைதானா என்று பார்ப்பவரைப் போல ஒருமுறை அழுத்தினார். "கூடாரம் இருக்கட்டும்," என்றார். "அந்த ஆளை மட்டும் இறக்கிவிடுங்கள்." திரும்பிப் பார்க்காமல் போனார்.

குருமூர்த்தி இன்னும் சிரித்துக்கொண்டிருந்தான். "அவர் ஜெர்மன்காரர், பயந்தார், சரி. நீ மெட்ராஸ்காரி. பாத்ததும் தெரிய வேண்டாம்? நான்னு எப்படி நம்பினே?"

"அவர் வாயைத் திறந்ததுமே நம்பிட்டேன்," என்றாள் அம்பிகா. "இருக்காதுன்னு ஒரு நிமிஷம்கூட எனக்குத் தோணலைங்க."

அவன் சிரிப்பு நின்றது. கவிழ்த்த வாளியின் மேல் ஏறிப் பொம்மையை அவிழ்த்து இறக்கினான். கயிறு மட்டும் கையில் இருந்தது. புத்தம் புதுக் கயிறு. அவளைப் பார்க்காமல் பேசினான்.

"கயிறு போன வாரமே வாங்கினது. இன்னைக்கு அதுக்குத்தான் வந்தேன், அம்பிகா. இந்தக் கட்டையை நிமிந்து பாத்தேன். பாத்ததும் ஊர்ல தொங்குவானே, இந்தத் தடியன், அவன் ஞாபகம் வந்துச்சு. என்னையறியாம சிரிப்பு வந்துடுச்சு. சரின்னு அவனைத் தொங்க விட்டேன்."

முன்பு ஓடி வந்தபோது வந்த பயமெல்லாம் பயமே இல்லை என்று அம்பிகாவுக்கு அப்போதுதான் புரிந்தது. அவளுக்கு அழக்கூட வரவில்லை. கயிற்றை அவன் கையிலிருந்து உருவித் தன் பைக்குள் திணித்தாள். அவன் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"திங்கக்கிழமை என்கூட ஆஸ்பத்திரிக்கு வர்றீங்க. டாக்டர்கிட்ட இதை அப்படியே சொல்றீங்க."

"சரி," என்றான்.

"நான் பக்கத்துலயே இருப்பேன்."

"சரிம்மா."

மேட்டை விட்டு இறங்கினார்கள். ஒற்றைச் செருப்போடு நடந்தவளை எல்லாரும் வேடிக்கை பார்த்தார்கள். டிராமில் தனித்தனியாக இரண்டு இடம்தான் காலியாக இருந்தது. அம்பிகா உட்காரவில்லை, அவனையும் உட்கார விடவில்லை. வீடு வந்து சேரும்வரை அந்தக் கையை விடவே இல்லை.